கெல்ட்டியரும் ஒரு கிலோ தூளும்

டொரொன்டோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி, பையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். வரிசையாகச் சொன்னேன்: இரண்டு மைக், மூன்று ஹெட்போன், ஒரு மடிக்கணினி, அக்காவிடம் கடன் வாங்கிய குளிர்கோட்டு, நெல்லிக்காய் ஊறுகாய், பண்டைய கெல்ட்டியரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுக் காகிதம். ஊறுகாயைப் பற்றித்தான் கேட்பார் என்று பதிலோடு தயாராக இருந்தேன். அவர் காகிதக் கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கெல்ட்டியர் என்றால் உங்கள் நாட்டு மக்களா?”

“இல்லை. ஐரோப்பாவில் இருந்தவர்கள். அயர்லாந்து, வேல்ஸ், பிரான்ஸ் பக்கம்.”

“இப்போது எங்கே இருக்கிறார்கள்?”

“பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்” என்றேன். பயணக் களைப்பு. அவர் சிரிக்காமல் முத்திரை குத்தினார்.

நான் கோயம்புத்தூரில் ஒலிப் பொறியாளர். கண்காட்சிகளில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பொருளின் முன்னும் பொத்தானை அழுத்தினால் ஒரு குரல் கதை சொல்லுமே, அந்த வழிகாட்டி ஒலியைத் தயாரிப்பது எங்கள் வேலை. டொரொன்டோவில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, கெல்ட்டியரின் புராணங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். பல மொழிகளில் தமிழும் ஒன்று. ஒரே நிபந்தனை, தமிழ்க் குரல் அந்த ஊர்க் குரலாக இருக்க வேண்டும். அப்படிக் கிடைத்தவர்தான் றெஜினா அன்ரி. மன்னார்க்காரர், கத்தோலிக்கர், முன்பு இங்கே ஒரு தமிழ் வானொலியில் செய்தி வாசித்தவர். நான் ஹோட்டலில் தங்கப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் ஃபோனில் கேட்டார்: “ஹோட்டலிலை என்னத்தைத் தின்னப்போறீர் பிள்ளை? என்ர வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்குது. வாரும்.”

சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பேட்டையில் அவருடைய கட்டடத்துக்கு இரண்டு லிஃப்ட். ஒன்று பழுது. மற்றொன்றுக்கு மளிகைப் பைகளோடும் குழந்தை வண்டிகளோடும் ஒரு வரிசை, எங்கள் ஊர் ரேஷன் கடையை விடப் பொறுமையான வரிசை. வரவேற்பறையில் முகம் வெட்டிய பூசணிக்காய்களை அடுக்கியிருந்தார்கள். குளிர் என்றால் ஊட்டிக் குளிர் என்று நினைத்திருந்தேன். ஊட்டியில் குளிர் தோலில் நிற்கும். இங்கே அது பல்லுக்குள் போனது.

இடியப்பம், சொதி, கருவாட்டுப் பொரியல். சாப்பிட்டுக்கொண்டே அன்ரி காகிதக் கட்டைப் புரட்டினார். “என்ன பிள்ளை உது, எல்லாம் சாவாக் கிடக்குது?”

அது உண்மைதான். கெல்ட்டியரின் பூசாரிகள் தங்கள் கதைகளை எழுதி வைக்கவில்லை, மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்கள் போனபோது பாதி போயிற்று. மிஞ்சியதைப் பின்னால் வந்த கிறிஸ்தவத் துறவிகள் எழுதினார்கள். எங்கள் பங்குக்கு வந்தவை: வெட்டிய தலைகள், காக்கை வடிவில் வரும் போர்த் தேவதை, ஆற்றுத் துறையில் ரத்தத் துணி துவைக்கும் பெண் (அது யாருடைய துணியோ அவன் அன்று சாவான்), செத்தவர்களை எழுப்பும் கொப்பரை, சதுப்பில் கிடைத்த மனிதர். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு திருநாள். அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும் இரவில் மண்மேடுகள் திறந்து, செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோவார்கள் என்பது நம்பிக்கை. அதன் ஐரிஷ் பெயரை உச்சரித்தால் ‘சாவின்’ என்றுதான் வரும். அச்சுப்பிழை என்று நினைத்து எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ‘யாருடைய சாவின்?’ என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்.

அன்ரி அந்தப் பென்சில் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்ல கேள்விதான்” என்று பக்கத்தைத் திருப்பினார்.

*

ஒலிப்பதிவு நகரின் மறுபக்கத்தில், பார்க்டேல் என்ற பகுதியில். ஸ்ட்ரீட்கார் என்பது தெருவிலேயே தண்டவாளம் போட்டு ஓடும் ரயில். முன்னால் ஒரு லாரி நின்றால் பின்னால் இருக்கும் எல்லாமும் நிற்கும். கோயம்புத்தூர் பஸ் டிரைவர் என்றால் நடைபாதையில் ஏற்றியாவது போய்விடுவார். இங்கே எல்லாரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு தண்டனை அனுபவித்தார்கள். கடைசியில் இறங்கி நடந்தோம். “வந்த புதிசிலை உந்தத் தெருவிலைதான் இருந்தனாங்கள்” என்றார் அன்ரி. “ஒரு அறை, எட்டுப் பேர். முறை வைச்சுத்தான் படுக்கிறது.”

ஒலிப்பதிவாளர் கெவின், இங்கேயே பிறந்த தமிழர், தாடிக்காரர். “அன்ரி, என்ர அம்மா யூஸ்ட் டு லிஸன் டு யூ எவ்ரி டே. நீங்கள் நியூஸ் வாசிக்கேக்கை வீட்டிலை ஒருத்தரும் கதைக்கேலாது.”

“அப்ப கதைக்காமலே ரெக்கோட் பண்ணும் மகன்.”

நல்ல குரல். தடுமாற்றம் இல்லை, மூச்சு சரியான இடத்தில் விழும். அன்று கொப்பரைக் கதை. வேல்ஸ் நாட்டுக் கதையில் ஓர் அரசனிடம் பெரிய கொப்பரை இருக்கிறது. போரில் செத்தவர்களை அதில் போட்டால் மறுநாள் எழுந்து நிற்பார்கள், சண்டைகூடப் போடுவார்கள். பேச்சு மட்டும் வராது. அந்த வரியை வாசித்ததும் அன்ரி நின்றுவிட்டார்.

“அன்ரி, எனி ப்ரொப்ளம்?”

“இல்லை மகன்.” பிறகு மெதுவாக, தனக்குத் தானே: “கதைக்காட்டிலும் பரவாயில்லை.”

பேசாவிட்டாலும் பரவாயில்லையாம்; என் ஹெட்போனில் அது தெளிவாகக் கேட்டது. அந்த வரியின் பக்கத்தில், ‘குறுக்குப் பேச்சு, மறுபடி எடுக்கவும்’ என்று குறித்துக்கொண்டேன்.

*

மறுநாள் விடியும் முன்பே அன்ரி அடுப்படியில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மன்னாரில் இருக்கும் தங்கை செலின். சுவர் மெல்லியது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, ஆனால் காது என் தொழில்.

“பொடி கிடைச்சாத்தானே மிச்ச வேலையைச் செய்யலாம்... இங்கை இருந்துகொண்டு நான் எங்கை போய்த் தேடுறது?... அம்மா இருக்கேக்கை கிடைச்சிருந்தா அவவின்ர கையாலையே செய்திருப்பா... ஓம், ஓம். பொடி வேணும் செலின். பொடி இல்லாமல் ஒண்டும் செய்யேலாது.”

எனக்கு நிறைவாக இருந்தது. வாடகை வாங்க மறுத்த ஒரு பெண்ணுக்குச் செய்ய ஏதாவது கிடைத்துவிட்டது. அம்மா கையால் செய்த ஏதோ குழம்பு, அதற்கு ஏதோ ஒரு பொடி. என் அம்மாவும் சாம்பார்ப் பொடி தீர்ந்தால் அக்காவுக்கு இதே குரலில்தான் ஃபோன் செய்வாள்.

பார்லிமென்ட் தெருவில் ஒரு ஈழத் தமிழர் கடை. கல்லாவில் இருந்தவரிடம் பொடி கேட்டேன்.

“என்ன பொடி தங்கச்சி? பல்லுப் பொடியோ?”

“இல்லண்ணா. குழம்புக்கு. உங்க ஊர்ல வறுத்து அரைப்பாங்களே.”

“ஓ, தூளோ! தூள் எண்டு கேளுமன். பொடி கிடி எண்டு பயப்படுத்திறீர்.” அவர் சிரித்தார். எதற்கு என்று தெரியாமல் நானும் சிரித்தேன். ஒரு கிலோ பொட்டலம், கருஞ்சிவப்பு.

லிஃப்ட் வரிசையில் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டு வாசலிலேயே சத்தமாகச் சொன்னேன்: “ஆன்ட்டி, பொடி கிடைச்சிடுச்சு!”

அடுப்படியில் வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது. கத்தியோடு வெளியே வந்தார்.

“ஆர் சொன்னது? செலின் கோல் எடுத்தவளோ?”

“இல்லையே. நானே தேடினேன். கிடைச்சிடுச்சு.”

“முழுசாயோ?” அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

“இல்ல ஆன்ட்டி. வறுத்து அரைச்சது.”

சொல்லிக்கொண்டே பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கத்தியைப் பொட்டலத்தின் பக்கத்தில் மெதுவாக வைத்தார். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது, ஒரே ஒரு தடவை.

“உதை நாங்கள் தூள் எண்டுதான் பிள்ளை சொல்லுறது. பொடி எண்டா... நீங்கள் பாடி எண்டு சொல்லுவியள். டெட் பொடி. விளங்குதோ?”

நாங்கள் டாக்டர் என்பதை அவர்கள் டொக்டர் என்பார்கள். பாடி என்பது பொடி. ஒலிப் பொறியாளருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்டேன். “உமக்கென்ன தெரியும்” என்றார். வெங்காயம் பாதியில் கிடக்க, மற்றதைச் சொன்னார். தம்பி அன்ரன். சண்டைக் காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்களில் ஒருவன். பஸ் போயிற்று, அவன் ஏறவில்லை. அம்மா ஒவ்வொரு அலுவலகமாக அலைந்தார், பிறகு செத்தார். இப்போது ஊருக்குப் பக்கத்தில் ஒரு வளவில், காலி மனையில், எலும்புகள் வெளிப்பட்டிருக்கின்றன. நீதிமன்றம் சொல்லிக் குழி கிண்டுகிறார்கள். கிடைத்த துணிமணிகளைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டப்போகிறார்கள். செலின் பார்க்கப் போகிறார்.

“நீலச் சேட்டு. நாலாவது பொத்தான் மட்டும் வெள்ளை. அறுந்துபோச்செண்டு அம்மா தைச்சுவிட்டவ. அதைத்தான் பாக்கச் சொல்லியிருக்கிறன்.”

நவம்பர் இரண்டாம் தேதி கத்தோலிக்கர்களுக்கு ஆத்துமாக்களின் நாள். செத்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுத்தால், பூசையில் குருவானவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அம்மா, அப்பா பெயர்களை அன்ரி ஒவ்வொரு வருடமும் கொடுக்கிறார். அன்ரன் பெயரைக் கொடுத்ததில்லை.

“குடுத்தா, அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி. குடுக்காட்டி, அவனுக்கு ஒரு பூசையும் இல்லை. செலின் ஓம் எண்டு சொன்னா இந்த முறை குடுப்பன்.” பொட்டலத்தை எடுத்து மணந்து பார்த்தார். “நல்ல தூள். நாளைக்கு மீன் காச்சுவம்.”

*

அக்டோபரின் கடைசி நாள் பதிவில் சதுப்பு மனிதரின் முறை வந்தது. இதை மட்டும் வேறு குரலில் எடுத்துக்கொள்ளலாம் என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தேன்.

“என்னத்துக்கு? ஊரிலை செத்த ஆக்களின்ர பேரெல்லாம் ரேடியோவிலை நான்தானே வாசிச்சனான். ஒரு நாளும் குரல் நடுங்கேல்லை. உவர் ஆர்?”

சொன்னேன். அயர்லாந்தில் எரிப்பதற்காக வெட்டியெடுக்கும் கரிச்சதுப்பு உண்டு. அந்தத் தண்ணீரில் உடல் அழுகாது, தோல் பதனிட்டதுபோல் ஆகிவிடும். இவர் கழுத்தில் கயிறு, மார்பில் குத்து. நாட்டில் விளைச்சல் பொய்த்தால் அரசனைப் பலி கொடுத்திருக்கலாம் என்கிறார்கள். இங்கே வைப்பது நகல்தான்.

“நகம் இருக்காமோ?”

“இருக்கு. முடியும் இருக்கு. கடைசியா சாப்பிட்டதுகூடத் தெரியும். கூழும் பாலும்.”

“ஆர் தேடிக் கண்டுபிடிச்சது?”

“தேடல ஆன்ட்டி. கரி வெட்டுறவங்க மண்வெட்டியில தட்டுப்பட்டார்.”

“ஓ. தேடாதவைக்குத்தான் கிடைக்குது” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ஒரே மூச்சில் வாசித்தார். கயிறு, குத்து, கூழ், நகம். நடுங்கவில்லை. கடைசி வரி, ‘இவருடைய பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.’ அதற்குப் பிறகு மைக்குக்கு முன்னால் அசையாமல் இருந்தார். கெவின் பேச வாயெடுத்தார், நான் கையைக் காட்டித் தடுத்தேன். பிறகு அன்ரியே ஹெட்போனைக் கழற்றினார்.

திரும்பும் ஸ்ட்ரீட்காரில் எல்லாரும் வேஷத்தில் இருந்தார்கள். ஹாலோவீன் என்பது அந்தச் சாவின் திருநாளின் மிச்சம்தான், இப்போது மிட்டாய்க்காக. எங்களுக்கு எதிரில் ஒரு சிறுமி, கறுப்புச் சட்டையில் வெள்ளை விலா எலும்புகள் அச்சடித்தது. அவள் அம்மா ஃபோனில் இருந்தார். சிறுமியின் கோட்டு திறந்திருந்தது. அன்ரி எழுந்துபோய், அந்த எலும்புகளின் மேல் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

*

இரண்டாம் தேதி காலையில் செலின் அழைத்தார். அன்ரி நின்றபடியே கேட்டார். ‘ம்’, ‘ம்’, ‘எல்லாமோ?’ ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு நீலச் சேட்டு இருந்ததாம். ரெண்டிலையும் பொத்தான் எல்லாம் ஒரே நிறமாம்.”

“அப்போ... நல்லதுதானே ஆன்ட்டி?”

“நல்லதோ?” என் கேள்வியை உண்மையாகவே யோசித்தார். “வேற ஆரின்ரையோ தம்பியள் ரெண்டு பேர். அவையின்ர அக்காமாருக்குக் கிடைச்சிட்டுது. இன்னும் ஒரு குழி இருக்காம். தை மாதம் கிண்டுவினமாம்.”

தமிழ்ப் பூசை ஸ்கார்பரோவில். சப்வேயில் ஏதோ வேலை, பாதி வழியில் எல்லாரையும் இறக்கி மாற்றுப் பஸ்ஸில் ஏற்றினார்கள். நசுக்கல். தமிழ், அரபு, டகாலோக், எல்லா மொழிகளிலும் ஒரே திட்டு. அன்ரியின் கையில் ஒரு உறை. அதில் முந்தைய இரவே மூன்று பெயர்கள் எழுதி வைத்திருந்தார். பஸ் ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் உறையை உயர்த்திப் பிடித்தார், தண்ணீர்க் குடத்தைப் பிடிப்பதுபோல.

கோயில் வாசலில் பெட்டி. அன்ரி உறையைத் திறந்து தாளை எடுத்தார். கடைசிப் பெயருக்கு மேலே மடித்து, நகத்தால் இரண்டு தடவை அழுத்தி, கிழித்தார். மேல் துண்டு பெட்டிக்குள். கீழ்த் துண்டு கோட்டுப் பைக்குள்.

பெயர்கள் வாசிக்கப்பட்டபோது நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீளமான வாசிப்பு. மன்னார், யாழ்ப்பாணம், தீவுகள். ஒரே பெயரில் பலர், அதில் அன்ரன்களும் இருந்தார்கள். ஒவ்வொரு அன்ரனுக்கும் அன்ரி தலையைத் தூக்கினார். அடுத்து வந்த குடும்பப் பெயரைக் கேட்டுத் தாழ்த்தினார். மெழுகுதிரி இரண்டு ஏற்றினார்.

வீட்டில் மீன் குழம்பு. “சாப்பிடும். பொடி போட்டுக் காய்ச்சினது” என்றார். எடுத்த கவளத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். “சிரியும் பிள்ளை. சிரிக்காட்டி இந்த ஊரிலை குளிரிலையே செத்துப்போவீர்.”

*

பதிவுகளைச் சுத்தம் செய்வது என் பகுதி. மூச்சுச் சத்தம், நாற்காலிச் சத்தம், நீண்ட மௌனம், எல்லாவற்றையும் மென்பொருளே சிவப்பில் காட்டும், நான் வெட்டுவேன். சதுப்பு மனிதரின் பதிவில் கடைசி வரிக்குப் பின் இருந்த மௌனம் சிவப்பில் வந்தது. அதன் முடிவில் அலைக்கோட்டில் ஒரு சின்ன மேடு. ஒலியைக் கூட்டிக் கேட்டேன்.

‘இவருடைய பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.’ மௌனம். பிறகு, கூப்பிடுவதுபோல, “அன்ரன்.”

பதிவின்போது எனக்குக் கேட்கவில்லை. மடிக்கணினியை அடுப்படிக்கு எடுத்துப்போய் ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“வெட்டணுமா ஆன்ட்டி?”

பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “விடும். கூப்பிட்டது கூப்பிட்டதுதானே.”

விட்டேன். என் வேலைக்கு இது தவறு.

கண்காட்சி திறந்த அன்று, நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், இருவரும் போனோம். வெட்டிய தலைகளைச் செதுக்கிய கல், பொன் கழுத்து வளையம், கொப்பரை. கடைசி அறையில் மங்கலான விளக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் சதுப்பு மனிதர், சுருண்டு, தோல் நிறத்தில் ஒரு பழைய கைப்பையைப் போல. எங்களுக்கு முன்னால் ஒரு தமிழ் அப்பாவும் அவர் மகளும். அப்பா மட்டும் ஹெட்போன் மாட்டியிருந்தார்.

“அப்பா, வட்ஸ் ஹிஸ் நேம்?”

அவர் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினார். “உவரின்ர பேர் அன்ரனாம்.”

சுவரில் இருந்த பலகையில் பெயர் தெரியாது என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. அந்தப் பிள்ளை அதைப் படித்துவிட்டு அப்பாவைத் திருத்தத் தொடங்கினாள். பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

றெஜினா அன்ரி கண்ணாடிக்குக் கிட்டப் போனார். முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, மார்புப் பக்கம் நெடுநேரம் பார்த்தார். மூச்சில் கண்ணாடி மங்கியது. கோட்டுக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“சட்டை இல்லையே பிள்ளை” என்றார்.

“இல்ல ஆன்ட்டி. அவங்க காலத்துத் துணி சதுப்புல கரைஞ்சிடும்.”

“சட்டை இல்லாட்டி நான் என்னண்டு சொல்லுறது?”